ருசி பார்க்காமல் போட்ட உப்பு

என் கணவருக்கு வாய் வழியாகச் சாப்பாடு நின்றுபோனதற்கு நான் போட்ட உப்பு காரணம் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை நான் கேட்டதால் சொன்னார். இரண்டாவது முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். எப்படியும் ஒரு வாரத்தில் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டித்தான் வந்திருக்கும் என்றார். அந்த ஒரு வாரம் எனக்கு வேண்டியிருந்தது என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். அவர் கிறிஸ்தவர். நான் கீரப்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். இரண்டு வீட்டிலும் வேண்டிய மட்டும் சண்டை போட்டுவிட்டு, பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் சர்ச்சுக்குப் போவார், நான் கோயிலுக்குப் போவேன். யாரும் யாரையும் மாறச் சொல்லவில்லை. பிள்ளைகள் இல்லை. சண்டை போடுவதற்கு எங்கள் இரண்டு பேரை விட்டால் வீட்டில் வேறு ஆள் கிடையாது, அதனால் தினமும் போட்டோம், பெரும்பாலும் நான்தான் ஆரம்பிப்பேன்.

எங்கள் குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி. பெருமாளே வராகமாக நிற்கிற கோயில். அதனால் எங்கள் குடும்பத்தில் பன்றி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். தெருவில் ஒன்று போனால் 'அது போவுது' என்பார்கள். ஆடு, கோழி, மீன் எல்லாம் தின்போம், புரட்டாசியும் மார்கழியும் போக. ஆனால் அதைத் தின்பது என்பது எங்களுக்குத் தப்பு, பாவம் என்ற கணக்கில் எல்லாம் வருவதில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்றே நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் வீட்டிலோ கிறிஸ்துமஸ் என்றால் ஹாம், அதாவது அதன் தொடைக்கறி. பாண்டிச்சேரியில் இருக்கும் என் நாத்தனார் முழுத் தொடையாக வாங்கி, வேகவைத்து, விருந்து முடிந்ததும் மிச்சத்தை எலும்போடு கட்டித் தம்பிக்கு அனுப்பிவிடுவார். கல்யாணமான முதல் வருஷம் அந்தப் பொட்டலம் வந்தபோது நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். மறுநாள் அவர் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகரச் சார்ப்பு இறக்கி, ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கி வைத்தார். அதற்கென்று ஒரு அலுமினியக் குண்டான், ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஒரு கிண்ணம். அவை வீட்டுக்குள் வந்ததே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பல் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார், அன்றைக்கு ஹாலில் படுத்துக்கொள்வார். இதில் எதையும் நான் கேட்டு அவர் செய்யவில்லை. என் கோபத்தை, என் நடையை, நான் செய்கிற இட்லியை, எதையும் விடாமல் கிண்டல் செய்கிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் கிண்டல் செய்ததில்லை. ஒரே ஒரு தடவை செய்தார். ஒன்பது நாள் நான் பேசவில்லை. பத்தாம் நாள் அவரே என்னை ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் கும்பிட்டுவிட்டு வரும்வரை வாசலில் செருப்புக்குக் காவலாக நின்றார்.

அந்த மிச்ச ஹாமில் அவர் மொச்சை போட்டு சூப் வைப்பார். சூப் என்றால் தண்ணியாக இல்லை, கரண்டி நட்டமாக நிற்கும். முதல் நாளே காய்ந்த மொச்சையை ஊறப்போட்டு, மறுநாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுப்பார். எலும்பை முதலில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, வெங்காயம், பூண்டு, கேரட், நுணுக்கிய மிளகு, பிரியாணி இலை, அப்புறம் மொச்சை. மொச்சை பாதி கரைந்ததும் கறியைப் பொடியாக அரிந்து போடுவார். மிளகாய் கிடையாது. சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி பார்ப்பேன். எது எப்போது விழும் என்று எனக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் செய்வதைத்தான் கண் பார்க்கும், செய்யாமல் விடுவதை எப்படிப் பார்க்கும்? அவர் அதில் உப்பே போடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடும்போது, படைப்பதற்கு முன் நாக்கில் படக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது எல்லா நாளைக்கும் என்று ஆகிவிட்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற பெண்ணைக் கைவராதவள் என்பார்கள். கல் உப்பைக் கையில் அள்ளினாலே இந்தக் குழம்புக்கு இவ்வளவு என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட உப்பு கூடியது, குறைந்தது என்று அவர் சொன்னதில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவருக்கு இடது கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம். நான் கத்தாத நாள் இல்லை. கன்னத்துக்குள் புண் வந்து, ஆறாமல், அது என்னவென்று தெரிந்தபோது நாற்பது நாள் நான் கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது என்றார். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள், கரன்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தார். திரும்ப வந்தது, இந்தத் தடவை நாக்குக்கு அடியில். பேச்சு குழறியது. கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் வழக்கம்போல ஹாம் கொடுத்து அனுப்பினார். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினார்: 'பிரீசர்ல வை. கொஞ்சம் ஆறட்டும். நானே சூப் வெக்கிறேன்.' நான் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து அதைப் பிரீசரில் வைத்தேன். எங்கள் ஃபிரிட்ஜுக்குள் அது வந்தது அதுதான் முதல் தடவை.

புது வருஷம் பிறப்பதற்கு முன் காய்ச்சல் வந்துவிட்டது. தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. சிதம்பரத்தில் என் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது, ஆள் மாற்றிக்கொள்ள வசதி என்று அங்கே சேர்த்தோம். கல்யாணத்தின்போது என்னை வெட்டுவேன் என்று நின்ற அதே அண்ணன்தான் ஆம்புலன்ஸில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வாய் வழியாக எவ்வளவு நாள் சாப்பிடுகிறாரோ அவ்வளவு நாள் சாப்பிடட்டும், காரம் வேண்டாம், மிருதுவாக, சத்தாக, அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரிக் கஞ்சியை அவர் நாலு நாளாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அண்ணி கொடுத்துவிட்ட ரசம் சாதத்தையும் திருப்பினார். என்னதான் வேணும், வாயத் தொறந்து சொல்லுங்க என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார், அல்லது சிரிக்கிற மாதிரி இழுத்தார். நோட்டை வாங்கி எழுதினார்: 'மொச்ச சூப்.' அதற்குக் கீழே, நான் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு, 'வேணாம். சும்மா' என்று எழுதி, முதல் வரியை அடித்தார். அவ்வளவு அழுத்தி அடித்ததில் பேப்பர் கிழிந்தது.

நான் செய்கிறேன் என்று சொன்னேன். அவர் கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அக்காவைச் செய்யச் சொல்கிறேன் என்று பொய் சொன்ன பிறகுதான் விட்டார். நாத்தனார் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலில் இருந்தார், அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினார் என்றால் எவ்வளவு ஆசையாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் செய்ய முடியாது. நான் கேட்கக்கூட இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் பேச்சு அடிபட்டு அண்ணி காதுக்குப் போயிருந்தது. தனியாகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத பாப்பா. மார்கழி வேற. நம்ம வூட்டு அடுப்புல வேணாம். கேரியரும் நம்புளுது எடுத்துனு போவாத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணி இடத்தில் நான் இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டேன், நேராகவே சொல்லியிருப்பேன் என்பது கடலூருக்குப் போகிற பஸ் முட்லூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கடலூர் வீட்டில் வந்து இறங்கி, மொச்சையை வெந்நீரில் ஊறப்போட்டேன். நாத்தனாருக்குப் போன் போட்டு ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன். எலும்பை முதலில் வேகவிடு, மொச்சையைத் தோல் பிதுக்கிப் போடு, நன்றாகக் கரையட்டும், மிளகாய்ப் பக்கமே போகாதே என்று சொன்னார். உப்பைப் பற்றி அவர் பேசவில்லை. ஹாம் என்பதே உப்பில் ஊறிய கறி என்பது அவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் தகரச் சார்ப்புக்குக் கீழே போய் நின்றேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்தால் இளஞ்சிவப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்போடு, நூல் கட்டின தடத்தோடு இருந்தது. குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, பாதியை அரிந்தேன். மீதியைத் திரும்பக் கட்டி வைத்தேன். அதற்குப் பிறகு கை தானாக வேலை செய்தது. எலும்பு, வெங்காயம், பூண்டு, கேரட், மிளகு, இலை, மொச்சை. கடைசியில் கல் உப்பு. மூன்று விரல் கூட்டி இரண்டு தடவை, மேலே ஒரு சிட்டிகை. குண்டானின் அளவைப் பார்த்ததும் கை சொன்ன அளவு அது. ருசி பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. என் வழக்கமும் அதுதான், இந்தக் கறியை நாக்கில் வைக்கவும் முடியாது, இரண்டும் சேர்ந்துகொண்டன.

நன்றாகக் கடைந்து, வடிகட்டி, புதிதாக வாங்கின டப்பாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என்னால் முடிந்துவிட்டது என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சந்தோஷமாக வந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வார்டில் சூப் வாசனை வந்ததும் அவர் எழுந்து உட்கார முயன்றார். தலையணையை முட்டுக் கொடுத்து, கழுத்தில் துண்டைப் போட்டு, ஆறவைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணை மூடினார். ருசிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு சத்தம் வந்தது, அவரிடமிருந்து அதுவரை நான் கேட்காத சத்தம். சூப்பும் எச்சிலும் ரத்தமுமாகத் துண்டில் வழிந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் பட்டதும் இன்னும் துடித்தார். வாய் முழுக்கப் புண், அதில் உப்பைக் கொட்டியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம், நான் அதைத் தொட்டு, வாந்தி எடுத்து, செய்து கொண்டுவந்தேன், அவர் துப்பிவிட்டார் என்பதுதான்.

"கேட்டது நீங்கதான? எந்தக் கையால இதத் தொட்டேன் தெரியுமா? எடுத்தாந்து குடுத்தா துப்புறீங்க" என்றேன்.

வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா செய்தாள் என்று நான் சொன்ன பொய்யும் அதோடு போயிற்று. அவர் கண்ணை மூடியபடியே கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் களைத்துத் தூங்கிய பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் பின்னால் போனேன். கொட்டுவதற்கு முன் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. கடல் தண்ணி. அதைவிட அதிகம். நல்ல வாய்க்காரனே ஒரு ஸ்பூன் குடித்திருக்க மாட்டான். சாக்கடையில் கொட்டிவிட்டு, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலில் எதைத் தொட்டு நாக்கில் வைத்தேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் எதையும் விழுங்கவில்லை. ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கினார். வேண்டுமென்று செய்யவில்லை, அடிபட்ட கை தானாக இழுத்துக்கொள்கிற மாதிரி அது நடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம், எறங்கலன்னா குழாய்தான் என்றார். குழாய் போட்டால் எடுப்பார்களா என்று கேட்டேன். அவர் சீட்டில் எதையோ எழுதினார்.

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அதுல உப்பு யாரும் போட மாட்டாங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். மீதி ஹாமைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால் உப்பு இறங்கும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அண்ணனிடம் அவரை விட்டுவிட்டு மறுபடி கடலூருக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று அண்ணனுக்குத் தெரியும். நான் பாத்துக்கிறேன், போய்ட்டு வா என்று மட்டும் சொன்னார். சாயங்காலமே ஹாமை ஊறவைத்து, நாலு தடவை தண்ணீர் மாற்றினேன். காலையில் வேகவைத்தேன். மொச்சை குழைந்து எல்லாம் ஒன்றானது. இப்போது கையை நம்ப முடியாது. ஸ்பூனில் எடுத்து, ஊதி, வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். இரண்டாவது ஸ்பூனை விழுங்கினேன். மூன்றாவதில்தான் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கவனிக்க முடிந்தது. சரியாக இருந்தது, ஒரு கல்கூடப் போட வேண்டியதில்லை. புண்ணை எரிக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் மொச்சையை மசித்து விட்டேன், மறுபடி ருசி பார்த்தேன். சூப் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த மனிதன் இவ்வளவு நன்றாக ஒன்றைச் சமைத்து, கொல்லையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்குச் சிதம்பரத்தில் தேர். திருவாதிரைக் கூட்டம் தாங்காமல் கடலூர்ப் பஸ்ஸை ஊர் எல்லையில் வண்டிகேட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ ஒன்றும் உள்ளே வராது என்றார்கள். டப்பாவைத் துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே நெற்றி நிறைய விபூதியோடு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்மேலும் பை பட்டுவிடக் கூடாது என்று ஓரம் ஓரமாக ஒதுங்கினேன். பிரசாதம் கொடுத்த ஒரு அம்மாவிடம் கையை நீட்டாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். என்ன நினைத்தாரோ. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை.

அண்ணன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என் பையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"பத்து மணிக்கே போட்டுட்டாங்க பாப்பா. காலைலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல, இருமலா இருமுனாரு. நீ வர்ற வரைக்கும் பாக்கலாம்னுதான் சொன்னேன். மச்சான்தான் சரின்னு தலையாட்டிட்டாரு."

உள்ளே போனேன். மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. நர்ஸிடம் சூப்பை வடிகட்டிக் குழாயில் விடலாமா என்று கேட்டேன். கூடாது, கொழுப்பு இருக்கிறது, அடைத்துக்கொள்ளும், இங்கே கலந்து கொடுப்பதைத்தான் விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். வாயில் ஒரு ஸ்பூன் மட்டும் என்றேன். புரை ஏறினால் நெஞ்சுக்குள் போய்விடும் என்றார்.

அவர் விழித்துத்தான் இருந்தார். பையைக் காட்டி, என்ன என்று கண்ணால் கேட்டார். சூப் என்றேன். திறக்கச் சொன்னார். திறந்து கிட்டே கொண்டுபோனேன். குழாய் இல்லாத மூக்குத் துவாரத்தால் மெதுவாக இழுத்தார். பிறகு நோட்டைக் கேட்டார்.

'உப்பு?' என்று எழுதினார்.

"போடல. அதுலயே இருக்குதாம். சரியா இருக்குது."

'எப்டித் தெரியும்?'

என்னிடம் இன்னொரு பொய் இல்லை. "ருசி பாத்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்து, பிளாஸ்திரி ஓரமாக வழிந்தது. அந்த வாயில் அவ்வளவு வலி வந்தபோதுகூட அவர் அழவில்லை. தகரச் சார்ப்பும், தனிக் குண்டானும், ஹாலில் படுத்துக்கொண்டதும் எல்லாம் என்னில் எதைக் காப்பாற்றவோ, அதை நான் ஒரு காலை நேரத்தில் தீர்த்துவிட்டு வந்து நிற்கிறேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் டப்பாவை மூடினேன்.

கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினார். திரும்பினேன். நோட்டில் கோணலாக ஒரே ஒரு சொல்: 'சாப்டு.'

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்பூனை எடுத்தேன். வாசற்படியில் அண்ணன் வந்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் சாப்பிட்டேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கும்போதெல்லாம் குழாய்க்குக் கீழே அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. பாதியில் நிறுத்தினேன். மறுபடி கம்பியில் தட்டினார். மெதுவாக என்று கையால் காட்டினார். மெதுவாகச் சாப்பிட்டேன். மொச்சை எப்படி இருக்கிறது என்று எழுதிக் கேட்டார், வெண்ணெய் மாதிரி கரைந்திருக்கிறது என்றேன். கறி என்று எழுதினார். மெத்தென்று இருக்கிறது, லேசாகப் புகை வாசனை என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்பதுபோல். டப்பா காலியான பிறகும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிலிருந்து பதின்மூன்றாம் நாள் போய்விட்டார். நடுவில் எத்தனையோ பேசினோம், அதாவது நான் பேசினேன், அவர் எழுதினார். கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது, கல்லறைக்கு எந்தச் சட்டை, அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும், எல்லாம். அந்த முதல் நாள் வார்டு முழுக்கக் கேட்கும்படி நான் கத்தியதற்கு, என்னை மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொல்லவில்லை. சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சொல்ல வந்தேன். வாய் நிறைய இருந்தது, அதனால் முடியவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் நிறைய எல்லாம் இல்லை. அப்போது நான் கடைசி ஸ்பூனையும் விழுங்கியிருந்தேன், அவர் கண்ணைத் திறந்து என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.